வளைந்த கண்ணாடி மேல் மெட்டாலென்ஸ்: முதல் முறை செய்கிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மெட்டாலென்ஸ் என்பது அலைநீளத்தைவிடச் சிறிய இடைவெளியில் நிற்கும் லட்சக்கணக்கான குட்டித் தூண்களால் ஒளியைக் குவிக்கும் லென்ஸ். தட்டையான மெட்டாலென்ஸ் எப்படிச் செய்வது என்று கட்டுரைகளிலிருந்தே கற்றுக்கொள்ளலாம். அதையே வளைந்த பரப்பில் வைக்க வேண்டும் என்று வந்தால் தகவல் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கிடைக்கிறது. எனக்கு முதல் குவியம் கிடைக்கப் பதினான்கு மாதம் ஆனது. அதில் எட்டு மாதம் வீண். எந்தெந்த இடத்தில் வீணானது என்று இப்போது தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

முழுக்க ஒரே எடுத்துக்காட்டோடு போகிறேன். அலைநீளம் 940 நானோமீட்டர், லென்ஸின் விட்டம் 1 மிமீ, குவியத் தொலைவு 2 மிமீ. 10 மிமீ வளைவு ஆரமுள்ள உருளை வடிவச் சிலிக்காக் கண்ணாடி மேல் அது உட்கார வேண்டும். ஒளி கண்ணாடிக்குள்ளிருந்து வந்து, குவிந்த பக்கமாகக் காற்றுக்குள் போகிறது. தூண்கள் அமார்ஃபஸ் சிலிக்கானால் ஆனவை. உங்கள் எண்கள் வேறாக இருந்தாலும் படிகள் இதே வரிசையில்தான் வரும்.

## 1. பரப்பைத் தேர்ந்தெடுங்கள்: முதலில் உருளை, அப்புறம் கோளம்

பிரவுன் பேப்பரை டம்ளரைச் சுற்றி ஒட்டலாம். தேங்காயைச் சுற்றி ஒட்டிப் பாருங்கள், சுருக்கம் விழும். மெட்டாலென்ஸ் படலத்துக்கும் இதே கதிதான். தட்டையாகச் செய்த படலத்தை உருளை மேல் நீட்டாமல், சுருக்காமல் போர்த்தலாம். கோளத்தின் மேல் போர்த்தினால் எங்காவது இழுபட்டே தீரும், எவ்வளவு இழுபடும் என்பதைத் தனியாகக் கணக்கிட வேண்டும். கோளத்தில் தொடங்கியதுதான் நான் செய்த முதல் தவறு. கிடைத்த மங்கலான புள்ளிக்கு வடிவமைப்பு காரணமா, இழுவை காரணமா என்று பிரித்துச் சொல்லவே முடியவில்லை.

2016-இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகக் குழு ஒன்று 915 நானோமீட்டரில் செய்து காட்டியதும் இப்படித்தான்: உருளை லென்ஸ் மேல் படலத்தை ஒட்டி, கோடாகக் குவிக்க வேண்டிய கண்ணாடியைப் புள்ளியாகக் குவிக்க வைத்தார்கள். நீங்களும் அங்கேயே தொடங்குங்கள்.

கண்ணாடி வாங்கும்போது பட்டியலில் இருக்கும் ஆரத்தை அப்படியே நம்ப வேண்டாம். பரப்பின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் ப்ரொஃபைலோமீட்டரில் ஒரு கோடு ஓட்டி அளந்துகொள்ளுங்கள். அரை மணி நேர வேலை.

## 2. செய்யும் வழியை முடிவு செய்த பிறகே மென்பொருளைத் திறங்கள்

மூன்று வழிகள் உண்டு.

தட்டையான பலகையில் தூண்களைச் செய்து, பிடிஎம்எஸ் ரப்பர் படலத்துக்குள் எடுத்து, வளைவின் மேல் போர்த்துவது முதல் வழி. நம் ஊர் வசதிகளில் ஒரு மாணவர் முடிக்கக்கூடியது இதுதான். இந்தக் கட்டுரையும் இதைப் பற்றியதே.

வளைந்த கண்ணாடியிலேயே எலக்ட்ரான் கற்றையால் நேரடியாக எழுதுவது இரண்டாவது. நம் எடுத்துக்காட்டில் 1 மிமீ லென்ஸின் நடுவுக்கும் ஓரத்துக்கும் உயர வேறுபாடு 12.5 மைக்ரான். விட்டத்தை 5 மிமீ ஆக்கினால் அது 317 மைக்ரான் ஆகிவிடும். ரெசிஸ்ட் (கற்றை எழுதுவதற்காகப் பூசும் பாலிமர்) சரிவில் வழிந்து தடிமன் மாறும், கற்றையின் ஃபோகஸும் கலையும். பழகிய கைகளுக்கே கடினம்.

இரு ஃபோட்டான் பாலிமரைசேஷன், அதாவது லேசரால் திரவப் பிசினைப் புள்ளி புள்ளியாக இறுகவைத்து எழுதுவது, மூன்றாவது. வளைவின் மேல் நேராக எழுதலாம். ஆனால் பாலிமரின் ஒளிவிலகல் எண் 1.5 அருகில்தான் இருப்பதால் தூண்களை மிக உயரமாக எழுத வேண்டியிருக்கும்.

இதை முதலிலேயே முடிவு செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முதல் வழியில் தூண்கள் பரப்புக்குச் செங்குத்தாக நிற்கும். நேரடியாக எழுதிச் செதுக்கினால் லென்ஸின் அச்சுக்கு இணையாக நிற்கும். இரண்டுக்கும் உருவகப்படுத்துதல் வேறு.

## 3. கட்டக் கணக்கு

அலை தன் ஏற்ற இறக்கச் சுற்றில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பாடநூலில் ‘கட்டம்’ என்போம், ஆய்வகத்தில் எல்லோரும் ‘ஃபேஸ்’ என்பார்கள். கணக்கு எளிது. லென்ஸின் எந்தப் புள்ளி வழியாகப் போனாலும் ஒளி குவியத்தை ஒரே கட்டத்தில் அடைய வேண்டும். தட்டையான லென்ஸில் பார்க்க வேண்டியது ஒரே தூரம்: அந்தப் புள்ளியிலிருந்து குவியம் வரை. வளைந்த லென்ஸில் இரண்டு வரும். கண்ணாடிக்குள் பரப்பை அடையும் வரை உள்ள தூரத்தைக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணால் பெருக்க வேண்டும். அதோடு பரப்பிலிருந்து குவியம் வரை காற்றில் போகும் தூரத்தைக் கூட்ட வேண்டும். இந்தக் கூட்டுத்தொகை லென்ஸின் நடுவில் இருப்பதைவிட எவ்வளவு அதிகமோ, அதைத் தூண்கள் ஈடுகட்ட வேண்டும். அலைநீளத்தால் வகுத்தால் எத்தனை அலை என்று கிடைக்கும்.

ஓரத்துப் புள்ளியில் எண்களைப் போட்டுப் பார்ப்போம். தட்டை என்றால் குவியம் வரை 2.0616 மிமீ, நடுவைவிட 61.6 மைக்ரான் அதிகம், அதாவது 65.5 அலை. உருளையில் ஓரம் 12.5 மைக்ரான் பின்வாங்கி இருக்கிறது. காற்றுத் தூரம் 73.7 மைக்ரான் அதிகமாகிறது, கண்ணாடித் தூரம் 12.5 × 1.45 = 18.1 மைக்ரான் குறைகிறது. மிச்சம் 55.6 மைக்ரான், அதாவது 59.1 அலை.

வித்தியாசம் 6.4 அலை. தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லாத ஒரு வளைவு, ஓரத்தில் ஆறு முழு அலைக்கு மேல் பிழையைக் கொண்டுவருகிறது. ‘வளைவு சின்னதுதானே, தட்டைச் சூத்திரமே போதும்’ என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

கவனம்: படலத்துக்கும் தடிமன் உண்டு. 100 மைக்ரான் படலம் போர்த்திய பிறகு வெளிப்பரப்பின் ஆரம் 10.1 மிமீ. மேலே எளிமைக்காக அதை விட்டுவிட்டேன், உங்கள் நிரலில் விட்டுவிடாதீர்கள்.

## 4. தூண் நூலகம்

எந்த விட்டமுள்ள தூண் எவ்வளவு கட்டம் தரும் என்ற அட்டவணைதான் நூலகம். இங்கே எடுத்தவுடன் தொடங்காதீர்கள். எந்த இயந்திரத்தில் சிலிக்கான் படியப்போகிறதோ, அதே இயந்திரத்தில் ஒரு மாதிரித் துண்டு படியவைத்து, எலிப்ஸோமெட்ரியில் ஒளிவிலகல் எண்ணையும் உறிஞ்சுதலையும் அளந்து, அந்த எண்ணை வைத்து நூலகம் செய்யுங்கள். அமார்ஃபஸ் சிலிக்கானின் எண் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். கட்டுரையில் இருந்த எண்ணை எடுத்து நான் செய்த முதல் நூலகம் முழுவதையும் தூக்கிப் போட வேண்டியிருந்தது.

தூண்களுக்கு இடையிலான தூரத்தை 450 நானோமீட்டர் என்று எடுங்கள். கண்ணாடிக்குள் அலைநீளம் 940 / 1.45 = 648 நானோமீட்டர். இடைவெளி அதைவிடக் குறைவாக இருந்தால்தான் தேவையில்லாத திசைகளில் ஒளி சிதறாது. விட்டத்தை 120 முதல் 340 வரை 10 நானோமீட்டர் படியில் மாற்றினால் 23 தூண்கள். உயரத்தை 0.7 மைக்ரான் அருகில் வைத்துத் தேடுங்கள், ரப்பருக்குள் புதையும் தூண்களுக்குக் காற்றில் நிற்பவற்றைவிடச் சற்று அதிக உயரம் வேண்டும். இந்தக் கணக்குக்குப் பெரிய கணினி தேவையில்லை. எம்ஐடியின் மீப், ஸ்டான்ஃபோர்டின் எஸ்4 ஆகிய உருவகப்படுத்தும் மென்பொருள்கள் இரண்டும் இலவசம், மடிக்கணினியிலேயே ஓடும். லூமெரிக்கல் என்ற வணிக மென்பொருள் உங்கள் கல்லூரியில் இருந்தால் வேலை விரைவாகும். ஆய்வு வசதிகளுக்கான அரசுத் தளமான ஐ-ஸ்டெம் வழியாகக் கல்வி நிறுவனங்களுக்கு காம்சால் என்ற இன்னொரு வணிக மென்பொருள் கட்டணமின்றி வழங்கப்பட்டிருக்கிறது. இப்போதைய நிலையைத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாய்வையும் பார்க்க வேண்டும். ஒளி நேராக வருகிறது, தூணோ பரப்போடு சேர்ந்து சாய்ந்திருக்கிறது. நம் லென்ஸின் ஓரத்தில் சாய்வு 2.9 டிகிரிதான், நேராக வரும் ஒளிக்குச் செய்த நூலகமே போதும். விட்டம் 5 மிமீ என்றால் ஓரத்தில் 14.5 டிகிரி. அப்போது 0, 5, 10, 15 டிகிரிகளுக்குத் தனித்தனி நூலகம் செய்யுங்கள், இரண்டு துருவமுனைப்புக்கும் சேர்த்து.

கவனம், இதுதான் பெரிய பொறி: கட்டத்தின் குறி. லூமெரிக்கலும் மீப்பும் நேரத்தை ஒரு குறியோடு எழுதுகின்றன, காம்சால் எதிர்க்குறியோடு எழுதுகிறது. ஒன்றில் நூலகம் செய்து, இன்னொன்றின் மரபில் லென்ஸ் கட்டினால் குவிக்கும் லென்ஸ் விரிக்கும் லென்ஸாகிவிடும். எனக்கு நடந்தது. படலம் வரை செய்து முடித்து, கேமராவை நகர்த்தி நகர்த்தித் தேடி, கடைசியில் லென்ஸுக்குப் பின்பக்கம் மெய்நிகர்க் குவியமாகக் கண்டுபிடித்தேன். இதைத் தவிர்க்க ஒரே ஒரு சோதனை போதும்: 20 மைக்ரான் விட்டமுள்ள குட்டி லென்ஸ் ஒன்றை முழுதாக உருவகப்படுத்தி, எந்தப் பக்கம் குவிகிறது என்று பாருங்கள்.

## 5. விரித்து வரைதல்

கணக்கு வளைந்த பரப்பில் இருக்கிறது, வரைபடம் தட்டையில் இருக்கிறது. உருளையில் வளைவின் குறுக்கே உள்ள தூரத்தை வில்லின் நீளமாக மாற்றினால் போதும். அச்சிலிருந்து 0.5 மிமீ தள்ளியிருக்கும் தூண், விரித்த படத்தில் 0.5002 மிமீ தூரத்தில் வரும். வித்தியாசம் அரைத் தூண் இடைவெளிதான். ஆனால் 2.5 மிமீ-யில் இருப்பது 2.5268-க்கு நகர்ந்துவிடும், அறுபது தூண் இடைவெளி! எதிர்த் திசையில் செய்யுங்கள்: விரித்த தளத்தில் சீரான சதுர வலையில் தூண்களை அடுக்கி, ஒவ்வொன்றும் வளைவில் எங்கே போய் உட்காரும் என்று கண்டுபிடித்து, அங்கே என்ன கட்டம் வேண்டும் என்று கேளுங்கள். இடைவெளி கலையாது.

அப்புறம் வளைத்தலால் வரும் இழுவை. படலத்தை வளைத்தால் நடுத்தளம் அப்படியே இருக்கும், வெளிமுகம் நீளும், உள்முகம் சுருங்கும். 100 மைக்ரான் படலத்தின் வெளிமுகத்தில் தூண்கள் இருந்தால் நடுத்தளத்திலிருந்து 50 மைக்ரான் தூரம். 10 மிமீ ஆரத்தில் 0.5 சதவீத நீட்சி. ஓரத்தில் 2.5 மைக்ரான் நகர்வு. கட்டம் ஒரு முழு அலை மாறும் வளையம் ஓரத்தில் 3.9 மைக்ரான் அகலம்தான். எந்த முகம் கண்ணாடியைத் தொடப்போகிறது என்று இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முகம் மாறினால் இழுவையின் குறியும் மாறும், படமும் கண்ணாடிப் பிம்பமாகத் திரும்பும்.

மூன்றாவது, ரப்பரின் சுருக்கம். பரவலாகப் பயன்படும் பிடிஎம்எஸ் வகையான சில்கார்ட் 184-ஐச் சூட்டில் இறுகவைத்து உரித்தால் 1 முதல் 2 சதவீதம் சுருங்கும். சூடு கூடினால் சுருக்கமும் கூடும். அறை வெப்பநிலையிலேயே 48 மணி நேரம் விட்டு இறுகவைத்தால் இந்தத் தொல்லை பெருமளவு போய்விடும். அவசரப்படாதீர்கள், இரண்டு நாள் விடுங்கள்.

கோப்பைப் பற்றி ஒன்று. 450 நானோமீட்டர் இடைவெளியில் 1 மிமீ லென்ஸுக்கு ஏறத்தாழ 39 லட்சம் தூண்கள். ஒவ்வொரு வட்டத்தையும் 64 முனைப் பலகோணமாக எழுதினால் கோப்பு 2 ஜிபி-யைத் தாண்டும், எழுதும் இயந்திரத்தின் கணினியில் திறக்காது. 23 விட்டங்களை 23 செல்களாக ஒருமுறை வரைந்து, மற்ற எல்லா இடத்திலும் அவற்றைச் சுட்டிக்காட்ட மட்டும் செய்யுங்கள். கோப்பு நூற்றுச் சொச்சம் எம்பி-யில் முடியும். கேலேஅவுட் என்ற வரைபடம் பார்க்கும் மென்பொருளில் திறந்து, நடுவிலும் ஓரத்திலும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டே அனுப்புங்கள்.

ஒரே பலகையில் லென்ஸை ஒன்பது தடவை எழுதச் சொல்வேன்: இழுவைக்கு மூன்று மதிப்புகள், சுருக்கத்துக்கு மூன்று மதிப்புகள். எழுதும் நேரம் கூடும், ஆனால் இன்னொரு முறை வரிசையில் நிற்பதைவிட இது மலிவு.

## 6. விண்ணப்பமும் ஆவணங்களும்

சொந்தத் தூய அறை இல்லாத கல்லூரி மாணவருக்கு நம் நாட்டில் நல்ல வாசல், மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் ஐஎன்யுபி-ஐ2ஐ திட்டம்; பெரிய நிறுவனங்களின் நானோ ஆய்வகங்களை வெளி மாணவர்களுக்குத் திறந்துவிடுவது அது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், சென்னை, மும்பை, டெல்லி, கரக்பூர், குவாஹாட்டி ஐஐடிகள் இதில் இருக்கின்றன. அறிமுகப் பட்டறை, கைப்பயிற்சி, அதன் பிறகு ஆய்வுத் திட்டம் என்று படிப்படியாகப் போகலாம். பட்டறையைத் தவறவிடாதீர்கள், இயந்திரத்தை இயக்குபவர்களை நேரில் பார்த்துப் பேசக் கிடைக்கும் வாய்ப்பு அது.

தயாராக வைத்திருக்க வேண்டியவை:

- ஆய்வு முன்மொழிவு. இரண்டு பக்கம் போதும், ஆனால் எண்களோடு.
- செய்முறைப் படம்: ஒவ்வொரு படிக்கும் ஒரு குறுக்குவெட்டு, அதில் பொருள், தடிமன், இயந்திரத்தின் பெயர். திருப்பி அனுப்பப்படும் விண்ணப்பங்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கின்றன.
- உள்ளே கொண்டுபோகும் எல்லாப் பொருள்களின் பட்டியல், வேதிப்பொருள்களின் பாதுகாப்புத் தாள்கள்.
- வழிகாட்டியின் கடிதம், துறைத் தலைவரின் கையொப்பம், கல்லூரி அடையாள அட்டை.

கவனம்: என் செய்முறையில், கடைசியில் கரைத்துப் படலத்தை விடுவிப்பதற்கான ஜெர்மேனியம் அடுக்கு இருந்தது. ஓர் ஆய்வகத்தில் அந்த ஆவியாக்கி இயந்திரத்துக்குள் ஜெர்மேனியம் அனுமதி இல்லை என்பது விண்ணப்பம் போய் ஏழு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. பிடிஎம்எஸ்ஸும் அப்படித்தான், சிலிகோன் மாசு என்று பல வெற்றிட இயந்திரங்களுக்குள் விடமாட்டார்கள். விண்ணப்பிக்கும் முன்பே ‘இந்தப் பொருள் இந்த இயந்திரத்துக்குள் வரலாமா’ என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை விண்ணப்பத்தோடு இணையுங்கள்.

## 7. செலவும் நேரமும்

கட்டணம் மணிக்கணக்கில் இருக்கும். உள் பயனாளர், வெளிக் கல்வி நிறுவனம், தொழில் நிறுவனம் என்று விகிதம் மாறும். 18 சதவீத ஜிஎஸ்டி தனி. செலவைத் தின்பது எலக்ட்ரான் கற்றை. அந்த நேரத்தை நீங்களே கணக்கிடலாம்: டோஸை (ஒரு சதுர சென்டிமீட்டரில் விழ வேண்டிய மின்னூட்டம்) எழுதும் பரப்பால் பெருக்கி, மின்னோட்டத்தால் வகுங்கள். சதுர சென்டிமீட்டருக்கு 300 மைக்ரோகூலோம், 1 நானோஆம்பியர், 40 சதவீத நிரப்பு என்றால் 1 மிமீ லென்ஸுக்குச் சுமார் 16 நிமிடம். இயந்திரம் நகரும் நேரம் இதில் சேரவில்லை. அதே லென்ஸ் 10 மிமீ என்றால் நூறு மடங்கு, 26 மணி நேரம். மணிக்கு 5,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும் வரியோடு ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். ‘கொஞ்சம் பெரிதாகச் செய்யலாமே’ என்று வழிகாட்டி கேட்கும்போது இந்தக் கணக்கு கையில் இருக்கட்டும்.

டோஸ் சோதனைக்கு ஒரு முறை, செதுக்கல் சோதனைக்கு ஒரு முறை, உண்மையான பலகைக்கு ஒரு முறை என்று மூன்று தடவைக்கான பணத்தை முதலிலேயே கேளுங்கள். எனக்கு விண்ணப்பத்திலிருந்து முதல் நுழைவு வரை நான்கு மாதம் ஆனது. அதற்குள் 3, 4, 5 படிகளை முடித்துவிடலாம். இயந்திரப் பராமரிப்பு, பண்டிகை விடுமுறை, நிதியாண்டு முடிவு மூன்றும் சேரும் மார்ச் மாதத்தை மட்டும் நம்பாதீர்கள்.

## 8. தூய அறைக்குள்

வரிசை இது: பலகை மேல் ஜெர்மேனியம், அதன் மேல் சிலிக்கான், ரெசிஸ்ட், எழுதுதல், அலுமினா முகமூடி, லிஃப்ட்-ஆஃப் (ரெசிஸ்ட்டைக் கரைத்து அதன் மேலிருக்கும் அலுமினாவை நீக்குதல்), செதுக்கல், பிடிஎம்எஸ் ஊற்றிச் சுழற்றல், ஜெர்மேனியத்தைக் கரைத்தல். சிலிக்காக் கண்ணாடிப் பலகை என்றால் மின்னூட்டம் தேங்கிப் படம் இடம் மாறும், ரெசிஸ்ட் மேல் மின்கடத்தும் பூச்சு ஒன்று கட்டாயம். சிலிக்கான் பலகையிலேயே செய்தால் இந்தத் தொல்லை இல்லை, பலகை கடைசியில் போகப்போவதுதானே.

செதுக்கிய பிறகு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் விட்டங்களை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ரப்பர் ஊற்றிய பிறகு அளக்க வழியில்லை.

ஜெர்மேனியம் ஹைட்ரஜன் பெராக்சைடில் கரையும், சிலிக்கான் அப்படியே இருக்கும். கரைசல் ஓரத்திலிருந்து உள்ளே ஊர்ந்து போக வேண்டும், எனவே இரவு விட்டுக் காலையில் பாருங்கள். காலையில் படலம் தானாக விட்டு மிதக்கும். இழுத்து உரிக்கவே கூடாது, இழுத்தால் நீட்சி அதிலேயே தங்கிவிடலாம், தூண்களும் பலகையிலேயே நின்றுவிடலாம். சுத்தமான நீருக்கு மாற்றினால் லென்ஸ்கள் ஒன்பதும் வெளிர் பழுப்புப் பொட்டுகளாகத் தெரியும். உருளைக் கண்ணாடியைப் படலத்துக்கு அடியில் நீருக்குள் கொண்டுபோய், சாய்வாக மெதுவாகத் தூக்குங்கள். நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் நீர் வடிய வேண்டும். கடுகளவு குமிழி லென்ஸுக்கு அடியில் நின்றாலும் மீண்டும் மிதக்கவிட்டு எடுங்கள், ஊசியால் தள்ளாதீர்கள். நான் நான்காம் முறை எடுத்தபோதுதான் குமிழி இல்லாமல் உட்கார்ந்தது.

## 9. அளத்தல்

940 நானோமீட்டர் கண்ணுக்குத் தெரியாது, கண்ணைச் சுடும். அந்த அலைநீளத்துக்கான பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் லேசரைப் போடாதீர்கள். சாதாரண சிலிக்கான் கேமராவே போதும், முன்னால் அகச்சிவப்பு வடிகட்டி இருந்தால் கழற்றிவிடுங்கள். கேமராவுக்கு முன் வைக்கும் நுண்ணோக்கி அப்ஜெக்டிவின் நியூமெரிக்கல் அபெர்ச்சர் (எவ்வளவு அகலமான ஒளிக்கூம்பைப் பிடிக்கும் என்ற அளவு) லென்ஸினுடையதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். நம் லென்ஸுக்கு 0.24, ஆகவே 0.4 உள்ள 20 மடங்கு அப்ஜெக்டிவ் சரி.

செயல்திறனைச் சொல்லும்போது எதை எதால் வகுத்தீர்கள் என்று எழுதுங்கள். 1 மிமீ துளை வழியாக வெறும் கண்ணாடியைக் கடந்த ஒளியை அடிப்படையாக வைப்பதே நேர்மையான வழி.

நல்ல லென்ஸில் புள்ளியின் அகலம் 2 மைக்ரான் அருகில், குவிய ஆழம் 16 மைக்ரான் அருகில் இருக்கும். அப்படி வராவிட்டால் கேமராவை முன்னும் பின்னும் நகர்த்தி, செங்குத்துக் கோடும் கிடைக்கோடும் எங்கெங்கே கூர்மையாகின்றன என்று குறியுங்கள். இரண்டும் சேர்ந்து ஒரே இடத்துக்கு நகர்ந்து, 2 மிமீ-க்குப் பதில் 1.94-இல் குவிந்தால் ரப்பர் 1.5 சதவீதம் சுருங்கியிருக்கிறது. இரண்டுக்கும் இடையே 20 மைக்ரான் பிரிவு இருந்தால் வளைத்தலின் 0.5 சதவீத இழுவையை ஈடுகட்டாமல் விட்டிருக்கிறீர்கள், ஒன்பதில் அடுத்த லென்ஸுக்குப் போங்கள். பிரிவு 165 மைக்ரான் அளவுக்கு இருந்தால் படலத்தில் குறையில்லை. நிரலைத் திறந்து பாருங்கள், தட்டைச் சூத்திரம் எங்கோ அப்படியே கிடக்கிறது.